பல உருவங்களின் கூட்டுப் பரப்பு

கணக்கென்றால் காததூரம் ஓடுவோர் எனத் தமிழ் மாணவரைப் பிறர் நகையாடுதல் நம் கல்லூரியிற் பழைய வழக்கம். அந்நகைக்கு இலக்காகிய யாமே இம்மலரில் நிலப்பரப்புக் கணக்கினைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற கோடை விடுமுறையில் எந்தையாரும் எம் சிறிய தந்தையாரும் முன்னோர்வழி வந்த நிலத்தைப் பாகஞ் செய்துகொள்ளக் கருதினர். மூன்று துண்டுகளாய்க் கிடக்கும் அந்நிலத்தை நாடாப்பிடித்து அளந்து, ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளில் வரைந்து, மொத்தப் பரப்பினைக் கூறும் பணி எமக்கு வாய்த்தது. பட்டாவின்படி மொத்தம் 22.05 ஏர்ஸ், அஃதாவது 2,205 சதுர மீட்டர். எம் வரைபடமோ 2,265 என்றது. மிகுந்து நின்ற 60 சதுர மீட்டர் ஏறக்குறைய ஒன்றரைச் சென்ட் ஆகும். அவ்வொன்றரைச் சென்ட் யாருடைய பங்கிற்குரியது என்னும் வினா அன்றிரவே திண்ணையில் எழுந்துவிட்டது.

பிழை யாண்டுளது என்று காண்பதற்கு, கணிப்பொறி பரப்பினை எவ்வாறு அறிகின்றது என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். அதற்குக் கண்ணில்லை, மூலைகளின் எண்களே உள. ஒவ்வொரு மூலைக்கும் கிழக்கு நோக்கிய தொலைவு ஒன்றும் வடக்கு நோக்கிய தொலைவு ஒன்றுமாக ஈரெண்கள் உண்டு. அடுத்தடுத்த இரு மூலைகளை எடுத்து, முன்னதன் கிழக்கெண்ணைப் பின்னதன் வடக்கெண்ணாற் பெருக்கி, அதனினின்று பின்னதன் கிழக்கெண்ணை முன்னதன் வடக்கெண்ணாற் பெருக்கிய தொகையைக் கழிக்க வேண்டும். இங்ஙனம் உருவத்தை ஒருமுறை சுற்றிவந்து, கிடைத்தவற்றையெல்லாம் கூட்டிப் பாதியாக்கின் அதுவே பரப்பு. 1769ஆம் ஆண்டில் மைஸ்டர் என்னும் செருமானியர் விளக்கிய இம்முறை பின்னர்க் காவுஸ் என்பாரின் பெயரோடும் வழங்கலாயிற்று.

எம் இரண்டாம் துண்டின் மூலைகள் (38, 0), (68, 0), (63, 30), (38, 30) என்பன. முதற்பக்கம் சுழியம் தரும், இரண்டாவது 2,040, மூன்றாவது 750, நான்காவது கழித்தற்குரிய 1,140. மொத்தம் 1,650, அதிற் பாதி 825 சதுர மீட்டர். தாளிற் செய்து பார்த்தபோது கணிப்பொறியின் விடையும் எம் விடையும் ஒத்தமை கண்டு யாம் அடைந்த மகிழ்ச்சியைக் கணித மாணவர் எள்ளாதிருப்பாராக.

இனி, பல உருவங்களைத் தொகுக்கும் வழி. ஏரியா என்று கட்டளையிட்டு, அதனுள் ஆட் என்னும் பிரிவையும் ஆப்ஜெக்ட் என்னும் பிரிவையும் தெரிந்து, உருவங்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுவரின், அவ்வவற்றின் பரப்பும் அதுகாறுஞ் சேர்ந்த மொத்தமும் திரையில் தோன்றும். கழிக்க வேண்டுவனவற்றைச் சப்டிராக்ட் என்னும் பிரிவினால் அதே ஓட்டத்திற் கழிக்கலாம். உருவம் மூடியதாக இருத்தல் நலம். தனித்தனிக் கோடுகளாய் நிற்பின் அவற்றைப் பாலிலைன் என்னும் தொடர்கோடாக இணைத்தல் வேண்டும். மூடாத தொடர்கோட்டினைத் தொட்டாலோ, அதன் இரு முனைகளையும் நேர்க்கோடொன்று இணைப்பதாகத் தானே கொண்டு கணக்கிட்டு விடும். விடை வந்தமையால் உருவம் செம்மையுற்றதென்று கருதுதல் கூடாது. மில்லிமீட்டரில் வரைந்தோர் விடையை ஆயிரத்தால் வகுத்தலும் தவறு. பத்து இலட்சத்தால் வகுத்தாலன்றிச் சதுர மீட்டர் வாராது.

யாம் செய்த பிழை இவற்றுள் ஒன்றுமன்று. முதல் துண்டு 1,200, இரண்டாவது 825, மூன்றாவது 240, கூட்டல் 2,265. மூன்றெண்களும் தத்தம் உருவத்திற்குச் சரியே. முதல் துண்டிற்கும் இரண்டாவதற்கும் இடையே இரண்டு மீட்டர் அகலமும் முப்பது மீட்டர் நீளமும் உள்ள வாய்க்கால் ஒன்று ஓடுகின்றது. முதல் துண்டினை அதன் கீழைக்கரை வரை அளந்த யாம், இரண்டாவதனை மேலைக்கரையினின்றே அளக்கத் தொடங்கினோம். ஆகவே வாய்க்கால் இரு துண்டினும் அடங்கிற்று. ஏரியாக் கட்டளை ஒன்றன்மேல் ஒன்று படிந்த பகுதியை உணராது. ஈருருவத்தைத் தொட்டால் இருமுறை எண்ணும்.

இதற்கு மருந்தும் அம்மென்பொருளிலேயே உளது. உருவங்களை ரீஜன் என்னும் கட்டளையாற் பரப்புருக்களாக மாற்றி, யூனியன் கட்டளையால் ஒன்றாக்கின், படிந்த பகுதி ஒருமுறையே நிற்கும். ஒன்றானபின் பழைய எல்லைகள் தனித்து நில்லாவாதலின், படியொன்று எடுத்துவைத்துக்கொண்டு அதன்மேற் செய்தலே அறிவுடைமை. இங்ஙனஞ் செய்து பார்த்தவிடத்து 2,205 என்று வந்தது. திண்ணையில் அமைதி திரும்பிற்று. எமக்குக் கிடைத்த வசையும் சிறிதன்று.

கழித்தற் கணக்கு நம்மவர்க்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களில், கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலம் வேலியும் அதன் நுண்ணிய பின்னங்களுமாக அளந்து கூறப்படுகின்றது. அம்மொத்தத்தினின்று ஊரிருக்கை, குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு முதலியன கழிக்கப்பெற்று, எஞ்சிய நிலமே வரிக்குரியதாக வைக்கப்பட்டுள்ளது. எவற்றைக் கழிப்பது என்பதை அளவுகோல் கூறவில்லை. எழுதுவித்தோரே முடிவு செய்தனர்.

எம் வீட்டிலும் அம்முடிவே பின்னர் வேண்டப்பட்டது. முதல் துண்டினுள் ஆறு மீட்டர் விட்டமுள்ள கிணறு ஒன்றுளது. அது பொதுவாக இருக்க வேண்டுமென்று இருவரும் இசைந்தமையின், அவ்வட்டத்தின் 28.27 சதுர மீட்டரைக் கழித்தோம். எஞ்சியது 2,176.73, ஒருவர்க்கு 1,088 சதுர மீட்டருக்குச் சிறிது மேல். பாகக்கோடும் வரைந்தாயிற்று. கிணற்றிற்குச் செல்லும் வழி யாருடைய பங்கிற் படுவது என்பது மட்டும் இதனை எழுதும்வரை முடிவுறவில்லை.