கல்லூரி நூலகம் இரவிலும் திறந்திருக்க முடியாதா?

அரக்கோணத்தில் இருந்து காலை ரயில் பிடித்துச் சென்னைக் கல்லூரிகளுக்குப் போய்வரும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு. மேல்விஷாரம், வேலூர் பக்கம் படிப்பவர்களும் இருக்கிறார்கள். வீடு திரும்பினால் இருக்கிற ஒரே கூடத்தில் தொலைக்காட்சி, தம்பி தங்கைகள், வந்துபோகும் உறவினர்கள். தேர்வு நேரத்தில் ஒரு மேசை கிடைப்பதே பெரிது. இவர்களுக்கு நூலகம் என்பது புத்தகம் எடுக்கும் இடம் மட்டுமல்ல, அமைதியாக உட்கார்ந்து படிக்கும் இடமும்கூட. ஆனால் பல கல்லூரிகளில் மாலையிலேயே பூட்டிவிடுகிறார்கள். கேட்டால் முதலில் வரும் பதில்களில் ஒன்று மின்கட்டணம்.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் மாற்று வடிவம் தெரியும். மின்சாரம், தண்ணீர் இரண்டையும் சிக்கனமாகப் பயன்படுத்தும் கட்டடங்களுக்கு வழங்கப்படும் 'லீட்' தங்கத் தரச்சான்று பெற்ற நூலகம் அது. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் அங்கே நாள் முழுக்க இருக்கிறார்கள்.

அது புதிதாகக் கட்டியது. நம் முன்னோர் உருவாக்கிய கல்லூரிகளோ பழமையானவை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி தொடங்கியது 1919இல், மேல்விஷாரம் சி.அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல். இப்படி வயதான கல்வி நிலையங்களில் எல்லாவற்றையும் இடித்துக் கட்டப் பணத்துக்கு எங்கே போவது? இருப்பதைத் திருத்தினாலே போதும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 மின்விசிறி, 30 குழல்விளக்கு உள்ள ஒரு வாசிப்புக் கூடம். பழைய விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். பழைய குழல்விளக்கு சோக்கோடு சேர்த்து 50 வாட். மொத்தம் 3 கிலோவாட். காலை 9 முதல் மாலை 5 வரை எல்லாம் ஓடினால் 24 யூனிட். இப்போது கடைகளில் கிடைக்கும் பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட், எல்.இ.டி. குழலுக்கு 20 வாட் போதும். மொத்தம் 1.2 கிலோவாட். இரவு 9 மணி வரை, 12 மணி நேரம் ஓட்டினாலும் 14.4 யூனிட்தான்!

ஆனால் விசிறி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கோடையில் திருத்தணி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. மொட்டை மாடி சூடேறினால் விசிறி அனல்காற்றைத்தான் சுற்றிவிடும். மாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதும், மேற்கு ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் மறைப்பு வைப்பதும் செலவு குறைந்தவை. உள்ளே திரை போடுவதைவிட வெளியே நிழல் தருவதே பலன் தரும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு எளிதில் வெளியேறாது.

இன்னொன்று, அலமாரிகளை ஜன்னலோரம் அடுக்கும் பழக்கம். வெளிச்சத்தைப் புத்தக முதுகுகள் வாங்கிக்கொள்ள, மாணவர் பகலிலேயே விளக்குப் போட்டுப் படிக்கிறார். வெயில் பட்டுப் புத்தகமும் நிறம் மங்குகிறது. அலமாரியை நடுவுக்கும் மேசையை ஜன்னலோரத்துக்கும் மாற்றக் கூலி மட்டும்தான் செலவு. விளக்குகளை வரிசை வரிசையாகத் தனி ஸ்விட்சில் பிரித்துவிட்டால், ஐந்து பேர் படிக்க முழுக் கூடமும் எரிய வேண்டியதில்லை.

மடிக்கணினிக்கான பிளக் பாயிண்டுகளில் மட்டும் சிக்கனம் கூடாது. 40 மடிக்கணினிகள் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறினால் 2 கிலோவாட்டுக்கு மேல் போகும். பழைய ஒயரிங் அதைத் தாங்குமா என்று தகுதியுள்ள மின்பணியாளர் பார்த்த பிறகே மற்றவை. குளிர்சாதனம் இருக்கும் அறைகளில் 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல் இருந்தாலே கட்டணம் குறையும். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. சூரிய மின்தகடு நல்லதுதான், ஆனால் கடைசியாக வரட்டும். வீணாவதைக் குறைத்த பிறகு தேவைப்படும் தகடுகளும் குறைவு.

மின்கட்டணம் குறைந்தாலும் மாலைநேர நூலகரின் சம்பளம் பாக்கி நிற்கும். முன்னாள் மாணவர்களும் ஜமாஅத்தாரும் அதைப் பொறுப்பேற்கலாம். மாணவிகள் இரவில் வீடு திரும்பப் பேருந்து வசதியையும் சேர்த்தே பெற்றோர் கூட்டத்தில் கேட்போம்.