டைல்ஸ் விழாமல் இருக்க: எந்தப் பசை, எந்தக் கரணை?



வானகரம் மீன் மார்க்கெட்டில் மீன் எடுத்து விற்கும் நம் உறுப்பினர் ஒருவர், குழுவில் கடன் வாங்கி பாத்ரூம் சுவருக்கு டைல்ஸ் போட்டார். எட்டே மாதம். ஒரு நாள் விடியற்காலையில் 'படார்' என்று ஒரு டைல் கழன்று விழுந்து உடைந்தது. நல்லவேளை, அப்போது உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை. "கடன் இன்னும் முடியல, டைல்ஸ் முடிஞ்சு போச்சே" என்று கூட்டத்தில் வந்து அழுதார்.

நாங்கள் நாலு பேர் போய்ப் பார்த்தோம். மற்ற டைல்களை விரல் முட்டியால் தட்டினால், பாதிக்கு மேல் காலிப் பானை மாதிரி சத்தம் கேட்டது. விழுந்த டைலைத் திருப்பிப் பார்த்தோம். நடுவில் ஒரு இட்லி அளவுக்குத்தான் சிமெண்ட் பட்ட தடம். நான்கு மூலையிலும் ஒன்றுமே இல்லை. பட்ட இடத்திலும் சிமெண்ட் டைலைப் பிடிக்கவில்லை, சுவரோடு நின்றுவிட்டது.

டைல் நல்ல டைல்தான். தப்பு அதன் முதுகில் நடந்திருக்கிறது. ஆகவே முதுகில் என்ன பூச வேண்டும், எதைக் கொண்டு பூச வேண்டும் என்று நாம் தெரிந்துகொள்வோம்.

டைல் தண்ணீர் குடிக்குமா?

கடையிலேயே டைலைத் திருப்பி, பின்பக்கம் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது செராமிக். சொட்டு அப்படியே நின்றால் விட்ரிஃபைடு.

சுவருக்கு வரும் செராமிக் டைல், தன் எடையில் 100க்கு 10 பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. சிமெண்ட் பால் அந்தத் துளைகளில் இறங்கி, வேர் பிடித்த மாதிரி இறுகும். அதனால்தான் அந்தக் காலத்தில் டைலைத் தண்ணீரில் ஊறவைத்து வெறும் சிமெண்டில் ஒட்டினார்கள். அது நின்றது.

விட்ரிஃபைடு அப்படியில்லை. 100க்கு அரைப் பங்கு தண்ணீர் கூட குடிக்காது. வேர் இறங்க வழியே இல்லை. எவ்வளவு ஊறவைத்தாலும் பயனில்லை. அதற்குப் பசைதான் வேண்டும். கடையில் 'அடெசிவ்' என்று கேட்டால் தருவார்கள். பெரும்பாலும் 20 கிலோ பையில் வரும். சிமெண்ட், மணலோடு பாலிமர் தூள் கலந்தது. துளை இல்லாத டைலையும் அந்தப் பாலிமர் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பசை வாங்குவது?

விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், பையைப் பாருங்கள். டைல்ஸ் பசைக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. எண் ஐ.எஸ். 15477. 2004ல் வந்தது, 2019ல் திருத்தப்பட்டது. அதில் 1 முதல் 5 வரை வகை பிரித்திருக்கிறார்கள்.

* வீட்டுக்குள் ஈரம் படாத சுவரில் சிறிய செராமிக் டைலுக்கு 1ஆம் வகை போதும்.
* பாத்ரூமுக்கும், விட்ரிஃபைடு டைலுக்கும் குறைந்தது 2ஆம் வகை.
* வெயில் மழை படும் வெளிச்சுவர், கல் பலகை, பழைய டைல் மேல் புது டைல் என்றால் 3ஆம் வகை.
* கண்ணாடி, மரப்பலகை, இரும்பு போன்றவற்றுக்கு அதற்கும் மேல். நமக்கு அது அதிகம் தேவைப்படாது.

வகை எண்ணோடு 'டி' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், சுவரில் டைல் வழுக்கி இறங்காத பசை என்று அர்த்தம். தயாரித்த தேதியையும் பாருங்கள். சிமெண்ட் போலவே இதுவும் பழசானால் கட்டி தட்டும்.

எந்தக் கரணை?

கொத்தனார் கரணை வழவழப்பாக இருக்கும். பசைக்கு வேண்டியது பல் கரணை. சீப்பு மாதிரி ஓரத்தில் பல் வெட்டியிருக்கும். பசையை அப்பி இதனால் இழுத்தால், ஏர் ஓட்டிய நிலம் போல் வரிவரியாக வரும். எல்லா இடத்திலும் ஒரே அளவு பசை நிற்கும். டைலை வைத்து அழுத்தும்போது வரிகளுக்கு நடுவே இருக்கும் காற்று வெளியே போய்விடும். அதனால் வரிகள் ஒரே பக்கமாக நேராக இருக்க வேண்டும். வட்டமாக, கோலம் போடுவது போல் இழுத்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

டைல் பெரிதானால் பல்லும் பெரிதாக வேண்டும்.

* விரல் அகல மொசைக் துண்டு: 3 மி.மீ. பல்
* 8க்கு 12, 10க்கு 15 அங்குல டைல்: 6 மி.மீ. சதுரப் பல்
* 1 அடிக்கு 2 அடி டைல்: 8 முதல் 10 மி.மீ.
* 2 அடிக்கு 2 அடியும் அதற்கு மேலும்: 10 முதல் 12 மி.மீ. டைலின் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு.

6 மி.மீ. பல்லில் இழுத்த பசை, டைலை அழுத்திய பிறகு ஏறக்குறைய 3 மி.மீ. தடிமன்தான் நிற்கும். கரணையைப் படுக்க வைத்து இழுத்தால் அதுவும் குறையும். பாதி சாய்வாகப் பிடியுங்கள்.

கலவை நம் கையில்

கட்டட வேலைக்குப் போகும் நம் சகோதரிகள் பலரும் சித்தாள்தான். கலப்பது நாம்தான். எனவே இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

1. முதலில் வாளியில் தண்ணீர், அதன் மேல் தூள். பையில் போட்ட அளவுதான் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம்.
2. கலந்து 5 முதல் 10 நிமிடம் விட்டு, மறுபடி கலக்க வேண்டும்.
3. கெட்டியான பசையில் திரும்பத் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிடிமானம் போய்விடும்.
4. பசை போட்டு ஒட்டும்போது டைலை ஊறவைக்கக் கூடாது. முதுகில் உள்ள தூசியை மட்டும் துடைக்க வேண்டும்.
5. சுவரில் சுண்ணாம்போ பெயிண்டோ இருந்தால் சுரண்டி எடுத்த பிறகே பசை.
6. 20 நிமிடத்தில் ஒட்டி முடிக்கும் அளவுக்கு மட்டும் சுவரில் பூசுங்கள். விரலால் தொட்டால் பசை ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் ஏடு படிந்துவிட்டது, சுரண்டிப் போடுங்கள்.

இது சிமெண்ட் சேர்ந்தது, கையை அரிக்கும். கையுறை போடுங்கள். தூள் கொட்டும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டைலும் பசையும் தண்ணீரைத் தடுக்காது. பாத்ரூம் சுவரில் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு முதலில், பசை அப்புறம்.

கணக்குப் போடுவோம்

4க்கு 6 அடி பாத்ரூம். சுற்றளவு 20 அடி. 7 அடி உயரம் ஒட்டினால் 140 சதுர அடி. கதவுக்கு 16 கழித்தால் 124. 6 மி.மீ. பல்லில் 20 கிலோ பை ஒன்று சுமார் 45 சதுர அடிக்கு வரும். ஆக 3 பை. "6 பை வேணும்" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்க நமக்குத் தெரிய வேண்டும்.

முதல் டைலைப் பிடுங்கிப் பாருங்கள்

முதல் டைலை ஒட்டியதும், ஈரமாக இருக்கும்போதே அதைப் பிடுங்கித் திருப்பச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை பட்டிருக்க வேண்டும். அமெரிக்க டைல்ஸ் விதிகளில் ஈரம் படும் இடத்துக்கு 95 சதவீதம், மற்ற இடத்துக்கு 80 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். குறைந்தால் பெரிய பல் கரணை எடுக்க வேண்டும். மேஸ்திரி முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. கடனைக் கட்டப்போவது நாம்தானே?

நம் மீன்காரச் சகோதரி பாத்ரூமுக்கு மறுபடி டைல்ஸ் போட்டாகிவிட்டது. இந்த முறை பையைப் படித்து வாங்கியது அவர், கலவை கலந்தது அவர். முதல் டைலைப் பிடுங்கச் சொன்னதும் அவர்தான். "மீனைச் செவுளத் திருப்பிப் பாத்து வாங்குற நான், டைலத் திருப்பிப் பாக்காம விட்டுட்டேனே" என்கிறார்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். டைல்ஸுக்கென்று யாராவது கடன் கேட்டால், பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பசை எந்த வகை? கரணையில் எத்தனை மி.மீ. பல்?