கப்பலேறுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

மாணவர்களே, நமது காஞ்சியில் கோர்வைச் சேலை நெய்வதைக் கண்டிருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் பிசகாமல் இணைய வேண்டும். பல நாடுகளைக் கடந்து செல்வோருக்குரிய சுகாதார விதிகளும் அத்தகையனவே.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலில், 3,711 பேரில் 712 பேரைக் கொரோனா தொற்றியது. பின்னர் நாடுகள் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. ஆயினும் ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கை வகுத்தது.

2021 டிசம்பரில் என் பழைய மாணவர் ஒருவர், அமெரிக்கா சென்று உல்லாசக் கப்பலேறப் புறப்பட்டார். “72 மணி நேரக் கெடுவுக்குள் சோதித்துவிட்டேன், ஐயா” என்றார். அக்கெடு இந்தியாவுக்கு வருவோருக்கு உரியது. அமெரிக்காவோ, டிசம்பர் 6 முதல், விமானம் புறப்படும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ செய்த சோதனையைக் கேட்டது. அவர் மறுபடி சோதித்துக்கொண்டதால் பயணம் தப்பியது.

எந்த நாட்டு விதி? எந்தச் சோதனை? கெடுவை எப்போதிலிருந்து எண்ணுவது? இம்மூன்றையும் கேட்டல் வேண்டும். அவ்விதிகள் இன்று நீங்கிவிட்டன. ஆனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று நீடிக்கிறது. அது ஊசியிட்ட 10 நாட்களுக்குப் பின்னரே செல்லும். 2016 முதல் ஆயுள் முழுவதும் செல்லும்.

சான்று கையில் இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே, எப்போது செல்லும் என அறிந்திருத்தலே பயணிக்குத் துணை.