அதிகாரி வந்து போன பிறகு

நாளை பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார். செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. முற்றம் பெருக்குகிறார்கள். சுவரில் புதுப் படங்கள் ஏறுகின்றன. வராத பிள்ளைகளை ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு முன்வரிசை.

இதில் பெரிய தப்பில்லை. விருந்தாளி வந்தால் நாமும் வீட்டை ஒழுங்கு செய்கிறோம். ஆனால் விருந்தாளி பார்ப்பது அந்த ஒரு நாள் வீட்டைத்தான்.

அதிகாரி வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார். மதிய உணவுக் கணக்கு, கட்டடம், குடிநீர், கழிப்பறை எல்லாம் பார்ப்பார். இவையும் வேண்டியவைதான். கூரை ஒழுகினால் யாராவது மேலே எழுத வேண்டுமே! ஆனால் கடைசி வரிசைப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா? பதிவேட்டில் அது இருக்காது.

சொல்லாமல் போய்ப் பார்த்தால் என்ன தெரியும்? 2003ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் சிலர் அப்படிப் பார்த்தார்கள். நம் நாட்டின் பல மாநிலங்களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திடீரென்று போனார்கள். நான்கு ஆசிரியர்களில் ஒருவர் பள்ளியில் இல்லை. சிலர் விடுப்பில் இருந்தார்கள். சிலர் வேறு அரசு வேலையாகப் போயிருந்தார்கள். காரணம் எதுவானாலும் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கவில்லை.

பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005இல் வேறு வழியைத் தொடங்கியது. தொண்டர்கள் கிராமத்து வீடுகளுக்கே போனார்கள். பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் எழுத்துகள், சொற்கள், சிறு பத்தி, ஒரு குட்டிக் கதை இருந்தன. கதை 2ஆம் வகுப்புப் பிள்ளை படிக்கக் கூடியது. 2018இல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் அந்தக் கதையைப் படித்தார்கள். மற்றவர்களும் ஐந்து வருடம் பள்ளிக்குப் போனவர்களே. அவர்கள் படித்த பள்ளிகளுக்கும் அதிகாரிகள் வந்து போயிருப்பார்கள்.

எழுத்துத் தெரியாமல் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கு வாசிக்கத் தெரியும். ஆகவே இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். பிள்ளை திணறினால் அங்கே போய்க் கேளுங்கள். ஆசிரியரிடமும் பேசுங்கள். பிள்ளையை அடிக்க வேண்டாம்.

இன்று இரவே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கலாம். இந்தப் பக்கத்தையே கொடுங்கள். நடுவில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, படிக்கச் சொல்லுங்கள்.