மஹரை மன்னிக்கக் கேட்கும் நேரமா அது?

ஜனாஸா வீடுகளில் நாம் பார்த்திருக்கிறோம். மய்யித்தைத் தூக்கும் முன், அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் மூத்த பெண் ஒருவர், "மஹரை ஹலாலாக்கிடும்மா" என்பார். அவளும் தலையாட்டிவிடுவாள். அந்த நிலையில் வேறென்ன செய்வாள்?

நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். ஈஜாபும் கபூலும் முடிந்ததுமே மஹர் கணவன் மீது கடமையாகிறது. இருவரும் ஒருவருக்கொருவர் வாரிசாகிறார்கள். பிறக்கும் பிள்ளைகளுக்குத் தந்தையின் நஸபும் சொத்தில் பங்கும் உறுதியாகின்றன. தந்தை மவுத்தாகும்போது கருவில் இருக்கும் பிள்ளைக்கும், உயிருடன் பிறந்தால், பங்கு உண்டு.

கொடுக்கப்படாத மஹர் கடன்தான். மனைவி மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். குர்ஆன் (4:4) அதை அனுமதிக்கிறது. ஆனால் மனமுவந்து என்பதே நிபந்தனை. கடனையும் வஸிய்யத்தையும் கொடுத்த பிறகே பங்கு என்று 4:12 தெளிவாகச் சொல்கிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒருவர் 8,80,000 ரூபாய் விட்டுச் செல்கிறார். மனைவி, இரு மகன்கள், மூன்று மகள்கள். பெற்றோர் இல்லை, வஸிய்யத்தும் வேறு கடனும் இல்லை. மஹர் பாக்கி 80,000. அதைக் கழித்தால் மீதி 8 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 1 லட்சம். மகன்களுக்குத் தலா 2 லட்சம், மகள்களுக்குத் தலா 1 லட்சம். மஹரையும் சேர்த்து மனைவிக்கு 1,80,000 கிடைக்கிறது. மஹரை மறந்து பிரித்தால் 1,10,000 மட்டுமே. அவளுடைய 70,000 ரூபாய் பிள்ளைகளின் பங்கில் கலந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் சான்று நிக்காஹ் தஃப்தர். அதில் ஒரு சிக்கல். உடனடி மஹருக்கும் தவணை மஹருக்கும் அரபியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் "முஅஜ்ஜல்" ஆகிவிடும்! எனவே "கொடுக்கப்பட்டது", "பாக்கி" என்று தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதியாததால் நிக்காஹ் ஷரீஅத்தில் செல்லாமல் போகாது. ஆனால் வாரிசுச் சான்றிதழுக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் அலையும்போது அந்தத் தாளின் அருமை தெரியும்.

மஹர் பாக்கி வைத்திருக்கும் கணவன்மார்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே கொடுத்துவிடலாம். கொடுத்த தேதியையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, தஃப்தர் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.