தாய்ப்பாலும் தாயின் நலமும்

தாய்ப்பாலின் சிறப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குழந்தையைப் பற்றியே எழுதுகின்றனர். அஃது இயல்பே. பசித்து அழும் பிள்ளை கண்முன் கிடக்கையில், பால் தரும் உடலைப் பற்றி யார் எண்ணுவர்? ஆயினும் இக்கட்டுரை அவ்வுடலைப் பற்றியது. பத்துத் திங்கள் சுமந்த பெண்ணின் உடலில் நிகழும் மாறுதல்கள் எவை, பிள்ளை பிறந்தபின் அவை எவ்வாறு மீள்கின்றன, அம்மீட்சியில் பாலூட்டலுக்கு உள்ள பங்கு யாது, மீளாதவிடத்துப் பல ஆண்டுகட்குப் பின் நேர்வது என்ன என்பனவே ஈண்டு ஆராயப்படும்.

நாம் இதனை அறிய வேண்டியதற்குத் தனிக்காரணமும் உண்டு. மலேசியாவில் 2019 ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பில், வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரே முதலிடத்தில் நின்றனர். பேச்சுவழக்கில் 'இனிப்பு நீர்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் இந்நோய், கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கொண்டுபோவதைக் காணாத குடும்பம் நம்மிடையே அரிது. அந்நோய் பெண்களுள் பலரிடம் தன் வருகையை முன்கூட்டியே அறிவிக்கும் காலம் ஒன்று உண்டு. அதுவே பேறுகாலம்.

முதலில் உடலின் செயலைக் காண்போம். நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகிக் குருதியிற் கலக்கின்றது. அச்சர்க்கரையைத் தசைகள் ஏற்றுக்கொள்ளுமாறு செய்வது, கணையம் சுரக்கும் இன்சுலின். கருவுற்றவளிடமோ ஒரு புதிய உறுப்புத் தோன்றுகின்றது. தமிழில் நஞ்சு என்றும் நஞ்சுக்கொடி என்றும் வழங்கும் அவ்வுறுப்பு, பெயருக்கு மாறாக உயிர் வளர்ப்பது. அது சுரக்கும் இயக்குநீர்கள், தாயின் தசைகளை இன்சுலினுக்கு எளிதில் இணங்காதவாறு செய்துவிடுகின்றன. ஏன்? தாயின் தசைகளே சர்க்கரையை உடனுக்குடன் எடுத்துக்கொண்டால் கருவிற்கு எஞ்சுவது குறையும். ஆகவே தாய்க்கு உரியதைச் சற்றுத் தடுத்து, கருவின் பக்கம் திருப்பிவிடுகின்றது இயற்கை. இது நோயன்று. நலமுள்ள ஒவ்வொரு தாயிடமும் நிகழ்வது.

ஆனால் இவ்வேற்பாட்டைத் தாங்கத் தாயின் கணையம் முன்னினும் இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்க வேண்டும். பெரும்பாலோர்க்கு அஃது இயலுகின்றது. சிலருக்கு இயலுவதில்லை. இயலாதவிடத்துக் குருதியில் சர்க்கரை மிகுகின்றது. இதனையே பேறுகால நீரிழிவு என்கின்றனர். சிங்கப்பூரில் 2009 ஆம் ஆண்டு தொடங்கிய 'கஸ்தோ' என்னும் நெடுங்கால ஆய்வில் கருவுற்ற மகளிர் அனைவர்க்கும் சர்க்கரைச் சோதனை செய்து பார்த்தபோது, ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் இந்நிலை காணப்பட்டது.

பிள்ளை பிறந்து நஞ்சும் வெளிப்பட்டவுடன், அந்த இயக்குநீர்கள் ஒழிகின்றன. சில நாளில் சர்க்கரை பழைய அளவுக்கு இறங்குகின்றது. "எல்லாம் சரியாகிவிட்டது" என்று மருத்துவமனையிலிருந்து மகிழ்ச்சியோடு வீடு திரும்புகின்றனர். உண்மையில் சரியானது சர்க்கரையின் அளவே. ஈடுகொடுக்க இயலாத கணையம் அப்படியே இருக்கின்றது. 2009 ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளிவந்த கட்டுரை, பேறுகால நீரிழிவு கண்ட மகளிர்க்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரினும் ஏழு மடங்குக்கு மேல் என்று காட்டிற்று.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. கருவுற்றோர்க்கு எவ்வளவு சர்க்கரை மிகை என்று முதன்முதல் அளவுகோல் வகுத்தோருள் தலையாயவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஓ'சல்லிவன், மாஹன் என்னும் இருவர். அவர்கள் 1964 ஆம் ஆண்டு அவ்வளவுகளை வெளியிட்டபோது கொண்ட நோக்கம், எந்தத் தாய்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் என்று கண்டறிவதே. பின்னர் ஆய்வின் கண் குழந்தையின் பக்கம் திரும்பிற்று. குழந்தை பருத்துப் பிறக்கின்றதா, பிரசவம் கடினமாகின்றதா என்பனவே கேள்விகளாயின. தேவையான கேள்விகளே அவையும்! ஆனால் தாயைப் பற்றிய முதற்கேள்வி பின்னுக்குப் போயிற்று.

இனிப் பாலூட்டலுக்கு வருவோம். பேறுகாலத்தில் பெண்ணின் உடலில் மூன்று கிலோவுக்குக் குறையாத கொழுப்புச் சேர்கின்றது. குருதியில் ஓடும் கொழுப்பும் பன்மடங்காகின்றது. இவையெல்லாம் வரவிருக்கும் பாலுக்கு முன்னேற்பாடாய் அமைந்த சேமிப்பு. சேமித்ததைச் செலவு செய்யும் வழி பாலே. பிள்ளைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் கொடாத தாய் நாளொன்றுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பால் சுரக்கின்றாள். அதில் ஐம்பது கிராம் அளவு சர்க்கரை உண்டு. முப்பது கிராம் அளவு கொழுப்பு உண்டு. இச்சர்க்கரைக்கு மூலம் தாயின் குருதியே. அதிலும் வியப்பு என்னவெனில், பால் சுரக்கும் உறுப்பு இன்சுலினைப் பெரிதும் எதிர்பாராமலேயே சர்க்கரையை ஈர்த்துக்கொள்ள வல்லது. ஆகவே பத்துத் திங்கள் ஓயாது உழைத்த கணையம், பாலூட்டும் காலத்தில் ஓய்வு பெறுகின்றது. பாலூட்டாதவிடத்துச் சேமிப்பு செலவழியாமல் தங்கிவிடுகின்றது; அடுத்த பேறு வரும்போது அதன்மேல் மற்றுமொரு சேமிப்பு ஏறுகின்றது.

ஓய்வு மட்டுமன்று, புதுப்பித்தலும் நிகழலாம் என்பதற்குச் சான்று கிடைத்திருக்கின்றது. பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் என்னும் இயக்குநீர், கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களில் செரோட்டோனின் என்னும் பொருளை உண்டாக்கி, அவ்வணுக்களைப் பெருகச் செய்கின்றது என்று 2020 ஆம் ஆண்டு கொரிய அறிஞர்கள் எலிகளிடம் கண்டு வெளியிட்டனர்.

நம் நிகண்டு நூலார் ஐவகைத் தாயர் என்று பகுத்து, முலைத்தாய் என ஒருத்தியைத் தனியே வைத்ததை ஆசிரியர்கள் அறிவர். செல்வர் மனைகளில் பெறுவது ஒருத்தி, பால் தருவது மற்றொருத்தி என்னும் வழக்கம் இருந்திருக்க வேண்டும். சமுதாயம் இரண்டாகப் பகுத்த அந்தப் பணியை உடல் பகுப்பதில்லை. உடலின் கணக்கில் சூலும் பாலும் ஒரே தொடர்ச்செயல்.

இவ்வாறு கூறுவது வெறும் ஊகமா? மகளிரையே பல்லாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 1985-86 இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, 1,238 பெண்களை முப்பது ஆண்டுகள் தொடர்ந்தது. எல்லாப் பேறுகளிலும் சேர்த்து ஓராண்டு அல்லது அதற்குமேல் பாலூட்டியோர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு, பாலூட்டாதோரினும் 47 விழுக்காடு குறைவு என்று 2018 இல் அதன் முடிவு வெளிவந்தது. பேறுகால நீரிழிவு கண்ட மகளிரைத் தனியே ஆராய்ந்தது ஜெர்மானிய ஆய்வு. அதன் முடிவு 2012 இல் வெளியாயிற்று. பாலூட்டாத மகளிருள் பாதிப்பேர்க்கு 2.3 ஆண்டில் நீரிழிவு வந்துவிட்டது. பாலூட்டியோருள் பாதிப்பேரை அந்நோய் எட்டுவதற்கு 12.3 ஆண்டுகள் ஆயின. பத்தாண்டு நலவாழ்வு என்பது சிறிய பேறா?

எனினும் இத்தகைய எண்களைக் கண்டவுடன் துள்ளிக் குதிப்பது ஆராய்ச்சி நெறியன்று. பாலூட்டியதால் நோய் வரவில்லையா, அன்றி நோய்க்கு இடங்கொடாத உடல் உடையோர்க்குப் பாலும் எளிதாகச் சுரந்ததா? இக்கேள்வி நேர்மையானது. உடற்பருமன் உடையோர்க்கும் பேறுகால நீரிழிவு கண்டோர்க்கும் பால் இறங்கச் சில நாள் தாமதமாவது உண்மை. பால் சுரப்பதற்கே இன்சுலின் வேண்டும். மேற்கூறிய அமெரிக்க ஆய்வு, கருவுறுமுன்பே அப்பெண்களின் சர்க்கரையையும் எடையையும் அளந்து வைத்திருந்ததால் இவ்வையத்தைப் பெருமளவு நீக்கிற்று. முற்றும் நீக்கிற்று என்று சொல்வதற்கில்லை. என் கருத்து, சான்றுகள் பாலூட்டலின் பக்கமே சாய்ந்து நிற்கின்றன என்பது. ஆனால் பால் சுரவாத தாயைப் பழிப்பதற்கு இச்சான்றுகளை எடுத்தாளுவோர் கொடியர். முதல் வாரத்தில் அவளுக்கு வேண்டுவது பக்கத்தில் இருந்து முறை சொல்லிக்கொடுக்கும் செவிலியே.

இந்நாட்டு மண்ணில் இப்பேச்சுக்கு ஒரு வரலாறும் உண்டு. மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1939 ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். இனிப்பூட்டிய டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றது என்று விற்றதைக் கடுஞ்சொல்லால் கண்டித்தார். அன்று நிலவிய கவலை குழந்தையின் உயிர். தாய்ப்பாலை நிறுத்தியதால் தாயின் உடலுக்கு நேர்வது என்ன என்று கேட்பதற்கு அன்று மருத்துவ நூலும் வளரவில்லை. நீரிழிவு தோன்றும் வயதுவரை வாழும் வாய்ப்பும் ஏழைப் பெண்கள் பலருக்கு இல்லை.

தோட்டப்புறத்தில் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு, விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற பெண்களை நம்முள் மூத்தோர் அறிவர். இன்று அவர்தம் பேத்திமார் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பள்ளிகளிலும் பணியாற்றுகின்றனர். பிள்ளையைப் பிரிந்து செல்லும் நிலை மட்டும் மாறவில்லை. மலேசியாவில் தனியார் துறைப் பெண்களின் பேறுகால விடுப்பு 2023 சனவரி முதல் நாளிலிருந்து 60 நாளினின்று 98 நாளாக உயர்ந்தது. சிங்கப்பூரில் தகுதியுடையோர்க்கு 16 வாரம். உலக நல நிறுவனமோ ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் பிற உணவோடு இரண்டாண்டு அல்லது அதற்கு மேலும் என்கின்றது. இடைப்பட்ட இரண்டு மூன்று மாதத்தைத் தாய் எவ்வாறு கடப்பாள்? பாலைப் பீய்ச்சி வைக்கக் கதவுள்ள ஓர் அறையும், குளிர்ப்பெட்டியில் ஒரு மூலையும் வேண்டும். ஆசிரியர் அறையில் இவ்விரண்டும் உள்ள பள்ளிகள் எத்தனை? தலைமையாசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

உணவு பற்றியும் ஒரு சொல். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் முருங்கைக்கீரையும் கொடுக்கும் நம் பத்தியத்தில் குறை காண்பதற்கில்லை. "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று சோற்றையும் இனிப்பையும் திணிப்பதே தீது. பாலூட்டும் தாய்க்கு மிகுதியாக வேண்டுவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி. இரண்டு தோசையும் ஒரு முட்டையும் ஒரு குவளைப் பாலும் அதனைப் பெரும்பாலும் தந்துவிடும்.

பேறுகால நீரிழிவு கண்டவர் பாலூட்டினும் ஊட்டாவிடினும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உளது. பிள்ளை பிறந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரத்திற்குள் 75 கிராம் சர்க்கரை கரைத்த நீரைக் குடித்து, குருதியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். குற்றமில்லை என்று வந்தாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் மீண்டும் பார்க்க வேண்டும். சர்க்கரை எல்லையை நெருங்குவது தெரிந்தால் தடுக்க வழியுண்டு. அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பாய்வில், முன்னர்ப் பேறுகால நீரிழிவு கண்ட மகளிர், உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் நோய் வாய்ப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டனர். மெட்பார்மின் மாத்திரை உண்டோரும் அவ்வளவே பயன் பெற்றனர்.

அச்சோதனைக்கு முதல்நாள் இரவு உணவுக்குப் பின் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் காலையில் செல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் ஆகும். பிள்ளையை உடன் கொண்டு செல்லலாம். சர்க்கரை நீர் குடித்த பின் இடையே பால் கொடுக்க நேர்ந்தால், அதனைத் தாதியிடம் சொல்லிவிடுவது நன்று. பிள்ளை குடிக்கும் பாலுக்குச் சர்க்கரை செல்வதால், முடிவில் அளவு சற்றே குறைந்து காட்டக்கூடும்.