பதின்மூன்று ஆண்டுக் கல்வியும் அதன் அளவுகோலும்

பாடசாலை முடிந்த பின்னரே கல்லூரி தொடங்கும். இரண்டுக்கும் இடையே ஒரு பரீட்சை நிற்கும். அப்பரீட்சையில் தவறியவருக்கு மேற்கல்வியின் கதவு அடைபடும். நெடுங்காலமாக நிலவிவரும் ஒழுங்கு இதுவே. இதனைச் சற்று மாற்றி, மாணவர் பாடசாலையில் இருக்கும்பொழுதே மேற்கல்வியின் ஒரு பகுதியைக் கற்று முடிக்கச் செய்யும் முயற்சி ஐக்கிய அமெரிக்காவில் வலுப்பெற்றுள்ளது. நியூயோர்க் நகரிலே பார்ட் கல்லூரி 2001ஆம் ஆண்டில் இத்தகைய பாடசாலையொன்றைத் தொடங்கிற்று. குடும்பத்தில் எவருமே கல்லூரிப் படியை மிதித்திராத வறிய பிள்ளைகளை முன்னிறுத்தியே இவ்வகைப் பாடசாலைகள் பின்னர் பல மாநிலங்களிற் பெருகின.

பெருகியபோது ஓர் ஐயமும் எழுந்தது. பெயர்ப்பலகையை மாட்டிவிட்டால் மட்டும் போதுமா? டெக்சாஸ் மாநிலக் கல்வித் துறை இதற்கு விடையாக மூன்று வினாக்களை வகுத்துள்ளது. யாருக்காகத் திட்டம் வந்ததோ அவர்கள் உள்ளே வந்தனரா? வந்தவர் கற்றுத் தேறினரா? தேறியவர் கையில் பட்டமோ சான்றிதழோ இறுதியிற் சேர்ந்ததா? இவற்றுக்கு உரிய அளவை எட்டாத பாடசாலை அப்பெயரைத் தொடர்ந்து தாங்குதல் எளிதன்று.

இலங்கையில் இதற்கு மிக அணித்தாயுள்ளது, 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவு. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு எவ்வாறிருப்பினும் மாணவர் இதிற் சேரலாம். பன்னிரண்டாந் தரத்தில் மொழி, தகவல் தொழினுட்பம் முதலிய பொதுப் பாடங்களைப் பாடசாலையிலே கற்பர். பின்னர் தாம் தெரிந்த தொழிற்பாடத்தைப் பயிற்சி நிலையத்திலே பயின்று, தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழை நோக்கிச் செல்வர். அத்தகைமை ஏழு மட்டங்கள் கொண்ட ஏணி. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்து இரத்மலானையில் இயங்கும் தொழினுட்பவியற் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெறலாம். ஆதலால் நான்காம் மட்டம் ஏணியின் நடுப்படியேயன்றி முடிவன்று.

தொழிற்கல்வி இந்நாட்டுக்குப் புதிதன்று. அதனை மதிக்கும் வழக்கமே அரிது. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தொழில்சார் பாடசாலைகளையும் விதந்துரைத்தது. மக்கள் நாடியதோ ஆங்கிலமும் ஏட்டுக் கல்வியும் தந்த பாடசாலைகளையே. 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அவை மறைந்தன. தோட்டக்காரன் பிள்ளைக்கு மண்வெட்டி, துரையின் பிள்ளைக்குப் புத்தகமா என்று பெற்றோர் கேட்டால் அக்கேள்வியிற் பிழை காண்பது கடினம். தரம் உறுதியாக இல்லாத தொழிற்பிரிவு, பரீட்சையில் தவறியவரை ஒதுக்கி வைக்கும் அறையாகவே முடியும்.

மாத்தளை மாவட்டத்துக்கு இது வெறும் கொள்கைப் பேச்சன்று. பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்ட அடிப்படைக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் எனப் பல்லாண்டுகளாகப் பகிரப்பட்டு வருகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அப்பதினாறில் உண்டு; மாத்தளை இல்லை. ஆகவே நக்கிள்ஸ் மலைச்சாரலில், இரத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் மேலேயுள்ள தோட்டத்துப் பிள்ளை, மாத்தளை நகரத்துப் பெரிய பாடசாலை மாணவருடன் ஒரே வரிசையில் நின்று போட்டியிடுகின்றது. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர வகுப்பே கிடையாது. இத்தகைய பிள்ளைக்கு இரண்டாவது வாசல் ஒன்று மெய்யாகவே வேண்டியிருக்கின்றது.

அவ்வாசல் திறந்திருக்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது? தொழிற்தகைமை மதிப்பீட்டில் நூற்றுக்கு இத்தனை புள்ளி என்பது இல்லை. ஒரு தொழிலுக்குரிய தேசிய தேர்ச்சி நியமம் எழுதப்பட்டிருக்கும். மாணவர் அதன்படி வேலையைச் செய்து காட்டுவார். மதிப்பீட்டாளர் ‘தேர்ச்சி உண்டு’ அல்லது ‘இன்னும் தேர்ச்சி இல்லை’ என்று முடிவு சொல்வார். நான்காம் மட்டம் என்பது பிறர் மேற்பார்வையின்றித் தானே தொழிலைச் செய்து முடிக்கும் ஆற்றல். இம்முறை நேர்மையானது. ஆயினும் இது மாணவனை அளக்குமேயன்றிப் பாடசாலையை அளக்காது.

இரு பாடசாலைகளைக் கற்பனை செய்து பார்க்கலாம். இரண்டிலும் முப்பது பேர் சேருகின்றனர். முதலாவதில் இருபது பேர் இடையில் விலக, எஞ்சிய பத்துப் பேரும் தேறுகின்றனர். அறிக்கையில் நூற்றுக்கு நூறு. இரண்டாவதில் இருபத்துநால்வர் இறுதிவரை நின்று, பதினெண்மர் தேறுகின்றனர். அறிக்கையில் நூற்றுக்கு எழுபத்தைந்து. விழா மேடையில் மாலை முதலாவதற்கே விழும். சேர்ந்த முப்பதின்மரை அடிப்படையாக வைத்து எண்ணினாலோ, அங்கே தேறியவர் மூவரில் ஒருவர். இங்கே ஐவரில் மூவர். இடைவிலகியோரைக் கணக்கிற் சேர்க்காத எந்த விழுக்காடும் நம்பத்தக்கதன்று. உக்குவளையிலோ யட்டவத்தையிலோ ஒரு பிள்ளை பன்னிரண்டாந் தரத்தில் நின்றுவிட்டால், பஸ் கட்டணத்தால் நின்றதா, வேலைக்குப் போனதா, பயிற்சி நிலையத்தில் இடமில்லாமல் நின்றதா என்று அதிபர் எழுதி வைத்தல் வேண்டும். காரணம் தெரியாதவிடத்துப் பரிகாரமும் இல்லை.

சான்றிதழுக்குப் பின்னர் என்ன என்பதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஐந்தாம் மட்டத்துக்குச் சென்றவர் எத்தனை பேர்? கற்ற தொழிலையே செய்பவர் எத்தனை பேர்? மிளகு, கறுவா, கொக்கோ விளையும் மண் இது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேயே இருக்கின்றது. இங்குள்ள பிள்ளை கற்கும் தொழில் இம்மண்ணோடு தொடர்புற்றதா என்று கேட்பது பொருத்தமே. ஆயினும் தோட்டத்துப் பிள்ளை தோட்டத் தொழிலையே கற்க வேண்டும் என்று அதனைத் திரித்துவிடலாகாது. மின்னியலோ கணினியோ நாடும் பிள்ளைக்கு அதுவே உரியது.

இறுதியாக மொழி. பொதுப் பாடங்களைத் தமிழிலே கற்ற மாணவன் பயிற்சி நிலையத்துக்குச் சென்றதும், அங்கே தமிழில் விளக்கும் போதனாசிரியர் இல்லாதிருக்கலாம். மதிப்பீட்டாளர் வினவுவது அவனுக்கு விளங்காவிடின், ‘இன்னும் தேர்ச்சி இல்லை’ என்ற முடிவு அவன் கைத்திறனைக் குறித்ததா, கேட்ட மொழியைக் குறித்ததா என்பதைப் பெறுபேற்றுப் பத்திரம் காட்டாது. ஆதலின் பயிற்சி நடந்த மொழி, மதிப்பீடு நடந்த மொழி ஆகிய இரண்டும் ஒவ்வொரு மாணவரின் பெயருக்கு நேரே பதியப்படுதல் வேண்டும். பாடசாலைப் பதிவேட்டில் அதற்கு மேலும் இரண்டு கோடுகள் கீறினாற் போதும்.